சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு மாமியார்

வெனேரா அக்காவின் மேஜைக்குப் போன ஆய்வேடு முழுசாகத் திரும்பியதே இல்லை என்று பிஷ்கெக்கில் ஒரு பேச்சு உண்டு. பேச்சு என்ன பேச்சு, சத்தியம். எங்கள் ஆய்வுச் சபைக்கு அவர்தான் செயலாளர். நீங்கள் என்ன கண்டுபிடித்தீர்கள், எதை நிரூபித்தீர்கள் என்பதெல்லாம் அவருக்குத் தூசு. ஆய்வேட்டைக் கையில் வாங்கினால் நேரே கடைசிப் பக்கங்களுக்குப் போவார், ஆதாரப் பட்டியலுக்கு. "முன்னால இருக்கிறது நீங்க எழுதினது. பின்னால இருக்கிறதுலதான் நீங்க யாருன்னு தெரியும்" என்பார்.

ஆய்வு மாணவி சிர்காவின் பட்டியலை அவர் எத்தனை தரம் திருப்பி அனுப்பினார் என்று கேட்டால் அவளுக்கே கணக்கில்லை. புத்தகம் என்றால் ஆசிரியர், தலைப்பு, ஊர், பதிப்பகம், ஆண்டு, பக்கம். பத்திரிகைக் கட்டுரை என்றால் நடுவில் இரண்டு சாய்கோடு. ஆவணக் காப்பகத்துத் தாள் என்றால் தாளின் எண்ணோடு விட்டால் போதாது, முன்பக்கமா பின்பக்கமா என்றும் சொல்லவேண்டும். இணையதளம் என்றால் எந்தத் தேதியில் பார்த்தாய் என்று போடவேண்டும், ஏனென்றால் நாளைக்கு அது இருக்காது. ஒருமுறை பழைய புத்தகம் ஒன்றுக்கு ஊர் பிஷ்கெக் என்று எழுதிவிட்டாள். சிவப்புப் பென்சில் பாய்ந்தது. "தலைப்புப் பக்கத்துல ஃப்ரூன்ஸேன்னு இருக்கு. ஊரு பேரு மாறிச்சுன்னா அது ஊரோட பாடு. புத்தகம் தன்னை என்னன்னு சொல்லிக்குதோ அதை எழுது." இன்னொரு புத்தகத்தில் ஆசிரியர் பெயரே அச்சாகவில்லை, ஆனால் யார் எழுதியது என்று ஊருக்கே தெரியும். சிர்கா அந்தப் பெயரைத் தைரியமாக முதலில் போட்டாள். அதற்கும் பென்சில். புத்தகத்தில் இல்லாததை நாமாக அறிந்து சேர்த்தால் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் வைக்கவேண்டுமாம். இந்த ஒரு குறிக்காக அவள் ஐம்பது பக்கத்தைத் திரும்ப அச்செடுத்தாள்.

அப்படி ஊசிக்கண்ணில் ஒட்டகத்தை நுழைத்து, கடைசியில் நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சபை என்று நாள் குறித்தாயிற்று. அதுதான் அந்தச் சபையின் கடைசிக் கூட்டம். வருடம் முடிந்தால் சபையின் அனுமதியும் முடிகிறது. புதிய சபை எப்போது வரும், வருமா என்று மந்திரிக்கே தெரியாது. சிர்கா பாடம் நடத்தும் கல்லூரியிலோ, பட்டம் இல்லாதவர்களுக்கு ஜனவரியில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆக, வெள்ளிக்கிழமையில் எல்லாம் இருந்தது.

வெள்ளி காலை விடியும்போதே வீட்டு முற்றத்தில் மாமனார் ஆட்டைச் சாய்த்து, கத்தியைத் தீட்டி, "பிஸ்மில்லா" என்று மெல்லச் சொன்னது சிர்காவின் காதில் விழுந்தது. மருமகள் பட்டம் வாங்கும் நாளில் விருந்தில்லாமல் முடியுமா. மாமியார் போர்சோக் என்னும் எண்ணெய் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே, "நல்லா பேசிட்டு வா, இங்க அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தாள். சிர்கா கோட்டுப் பொத்தானைப் போடும்போது தொலைபேசி அடித்தது. வெனேரா அக்கா. மூன்று மணிக்கு முன்னால் ஒருமுறை தன் அறைக்கு வரச் சொன்னார். குரலில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குரலில் என்றைக்கு என்ன தெரிந்தது.

அறையில் வெனேரா அக்கா டீ ஊற்றவில்லை. எங்கள் ஊரில் வந்தவளுக்கு டீ ஊற்றாவிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். மேஜையில் ஒரு தாளைத் திருப்பி வைத்து அவள் பக்கம் தள்ளினார்.

வெனேரா அக்காவுக்கு ஒரு பழக்கம். எந்த ஆய்வேடானாலும் வகைக்கு ஒன்றாக எடுத்து மூலத்தோடு ஒத்துப் பார்ப்பார். ஒரு புத்தகம், ஒரு கட்டுரை, ஒரு காப்பகத் தாள், ஒரு இணையதளம். சிர்காவின் ஆய்வேட்டில் இன்னொரு வகையும் இருந்தது, ஆட்கள். யாரிடம் கேட்டு எழுதினாளோ அவர்களுடைய பெயர், பிறந்த ஆண்டு, ஊர், கேட்ட நாள். அந்த வரிசையில் அக்கா எடுத்தது ஏழாவது ஆளை. 'போலோதோவா சாரிகான், பிறப்பு 1938, கோக்-தால் கிராமம், நாரின் மாகாணம்.' கோக்-தால் கிராம அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார். பதில் அன்று காலைதான் வந்தது. அந்தப் பெயரில் எங்கள் கிராமத்தில் யாரும் வாழவில்லை, வாழ்ந்ததாகப் பதிவும் இல்லை என்று முத்திரை குத்திய பதில்.

சிர்கா அந்தக் கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்தவள். பனி கொட்டிய ஒரு மத்தியானம், அடுப்பங்கரையில், கிழவி கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல இவள் நோட்டில் எழுதிக்கொண்டே போனாள். ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் முழுக்க அந்தக் கிழவியின் வாயிலிருந்து வந்தது.

"அக்கா, நான் அவங்க பக்கத்துல உக்காந்து டீ குடிச்சேன்."

"டீ குடிச்சதுக்குச் சான்று இருக்கா?"

வெனேரா அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன வருடம் ஒருத்தன் இல்லாத இடையர்கள் நாலு பேரைப் பட்டியலில் சேர்த்துப் பட்டம் வாங்கி, அப்புறம் பத்திரிகைக்காரர்கள் கிழித்துத் தோரணம் கட்டிய கதையை இருவருமே மறக்கவில்லை. அதற்குப் பிறகு சபையின் தலைவர் கச்கின்பாய் ஐயா, ஆள் என்று யாராவது எழுதினால் அந்த ஆளின் நிழலையும் கொண்டுவா என்கிற நிலைக்கு வந்திருந்தார். பொய் ஆதாரம் என்று சபைக் குறிப்பில் ஏறினால் ஆய்வேடு செத்தது. அதோடு விடாது. அந்தப் பெயரோடு வேறு எந்தச் சபைக்கும் போக முடியாது.

"நான் இதை மறைக்க மாட்டேன்" என்றார் வெனேரா அக்கா. "மூணு மணிக்கு வாசிப்பேன். அதுக்குள்ள உன்கிட்ட ஏதாவது இருந்தா கொண்டா."

சிர்கா நடைபாதைக்கு வந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதுதான். ஜன்னலுக்குக் கீழே வெந்நீர்க் குழாய் சூடாக இருந்தது, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தொலைபேசியில் பழைய எண்களைத் தேடினாள். கிழவியின் மருமகள் குல்சுன். கிழவிக்கு அப்போதே காது கேட்காது. பேர், ஊர், வயது எல்லாம் குல்சுனிடம்தான் கேட்டு எழுதினாள். நாரினுக்குக் கடைசி மினிபஸ் கிளம்பும் அவசரத்தில் கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது குல்சுன் மூச்சு வாங்கினாள், கன்றுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தாளாம். பிஷ்கெக் பெண்ணை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். கல்யாணமான பெண்ணுக்குக் குழந்தை குட்டி உண்டா, பனி விழுந்ததா, எல்லாம் விசாரித்த பிறகு மாமியார் போன வசந்தத்தில் தவறிவிட்டதைச் சொன்னாள். சிர்கா துக்கம் கேட்டாள். கேட்கும்போதே மனசு தாளின் மேல் இருந்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது. பிறகு கேட்டாள்.

"அக்கா, அன்னிக்கு மாமியார் பேர் கேட்டேன்ல. நீங்க என்ன சொன்னீங்க?"

"சாரிகான்னேன்."

"அது அவங்க பேரா?"

"நான் கூப்பிடற பேரு. நீ என்னைத்தானே கேட்ட? என்னைக் கேட்டா என் வாயில வர்றதைத்தானே சொல்லுவேன்."

சிர்கா அப்படியே குழாயோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஆய்வேடு எதைப் பற்றி என்று இன்னும் நான் சொல்லவில்லை, இல்லையா. தெர்கோ பற்றி. எங்கள் மருமகள்கள் புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். பெயரை மட்டுமா, அந்தப் பெயர் எந்தப் பொருளைக் குறிக்கிறதோ அந்தச் சொல்லையே விட்டுவிடுவார்கள். மச்சினன் பெயர் பால்தா, அதாவது கோடரி என்றால், அந்த வீட்டில் விறகு பிளக்கும் கோடரியும் அவளுக்கு அன்றிலிருந்து 'வெட்டுறது' ஆகிவிடும். இப்படி மருமகள்கள் உருவாக்கின மாற்றுச் சொற்களைத்தான் சிர்கா மலை மலையாக ஏறிச் சேகரித்தாள். இருநூறு பக்கம் எழுதினாள். எழுதிவிட்டு, ஒரு மருமகளிடம் போய் மாமியார் பெயரைக் கேட்டு, அவள் சொன்ன மாற்றுச் சொல்லை உண்மைப் பெயர் என்று பட்டியலில் ஏற்றிவிட்டாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

"உண்மைப் பேர் சொல்லுங்கக்கா" என்று கெஞ்சினாள்.

அந்தப் பக்கம் கன்று ஒருமுறை கத்தியது. பிறகு குல்சுன், கோபம் கூட இல்லாமல், "தங்கச்சி, நீ இதைத்தானே படிக்கற? என்கிட்டயா கேக்கற?" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது, அப்புறம் பேசலாம் என்று வைத்துவிட்டாள்.

கோக்-தால் கிராம அலுவலகத்து எழுத்தரிடம் பேசியபோது அவர் வள்ளென்று விழுந்தார். இல்லாத ஆளைக் கேட்டால் இல்லை என்றுதானே எழுதமுடியும், வேறென்ன எழுதுவார்கள் என்று கேட்டார். கன்று வளர்க்கிற குல்சுன் வீட்டு மாமியார் பெயர் என்ன என்று சிர்கா கேட்டாள். அதை முதலிலேயே கேட்டிருக்கலாமே என்று இன்னொரு பாட்டு பாடிவிட்டுச் சொன்னார். தெமிரோவா அல்தின்கான், பிறப்பு 1938, இந்த ஏப்ரலில் இறப்பு.

அல்தின் என்றால் பொன். பொன்னை வாயால் சொல்லாதவள் மஞ்சள் என்றாள், சாரி. தெமிர் என்றால் இரும்பு, மாமனாரின் தகப்பன் பெயர். அதையும் சொல்லாமல் எஃகு என்றாள், போலோத். பொன்னும் இரும்பும் மஞ்சளும் எஃகுமாகி, த-வில் வரவேண்டிய கிழவி ப-வில் போய் உட்கார்ந்துவிட்டாள். அகரவரிசை கூடத் தப்பு. வெனேரா அக்கா அதற்கும் ஒரு சிவப்புக் கோடு போடுவார் என்று சிர்காவுக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

எழுத்தர் புதிய சான்றைப் படமெடுத்து அனுப்பினார். சிர்கா அதை அச்செடுத்துக்கொண்டு ஓடினாள். வெனேரா அக்கா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. ஆனால் சொன்னது இதைத்தான்: இப்படி ஒருத்தி கோக்-தாலில் வாழ்ந்தாள் என்பதற்கு இது சான்று, உன் சாரிகான் இவள்தான் என்பதற்கு எங்கே சான்று?

மூன்று மணிக்குச் சபை கூடியது. நீள மேஜை, தண்ணீர்ப் புட்டிகள், சுவரோரம் கோட்டுக் குவியல். சிர்காவின் நெறியாளர் தன் பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு அவரால் ஆன உதவி அவ்வளவுதான். வெனேரா அக்கா எழுந்து முதல் சான்றை வாசித்தார், இரண்டாவதையும் வாசித்தார், ஒரு வார்த்தை கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. பிறகு சிர்கா எழுந்து நடந்ததைச் சொன்னாள். எங்கே தவறினேன் என்பதை ஒளிக்காமல் சொன்னாள்.

கச்கின்பாய் ஐயாவுக்கு இந்தத் தலைப்பே ஆரம்பத்திலிருந்து பிடிக்காது, அடுப்பங்கரைப் பேச்சு என்பார். ஆனால் அன்று அவர் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் கொடுமை.

"மருமகள் பேர் சொல்ல மாட்டான்னு இருநூறு பக்கம் எழுதியிருக்கீங்க. எழுதிட்டு, ஒரு மருமகள்கிட்டயே போய் பேர் கேட்டுக்கிட்டு வந்திருக்கீங்க."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. சிர்காவின் காது மடல் எரிந்தது. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

சிரிப்பு அடங்கியதும் ஐயா நிதானமாகத் தொடர்ந்தார். பெயர் மாறிப்போன கதை கேட்க நன்றாக இருக்கிறது, போன வருடம் வந்தவனும் நல்ல கதைதான் சொன்னான். கிராமத்தில் செத்துப்போன ஒரு கிழவியைப் பார்த்து, பொன்னுக்கு மஞ்சள் என்று பொருத்திக்கொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. அன்று அந்த அடுப்பங்கரையில் இருந்த மூன்றாவது ஆள் அந்த மருமகள் ஒருத்திதான். அவளைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. இரண்டாவது சான்றில் இருக்கிற பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது, எடுத்துக் கொடுக்கவும் கூடாது. தன் மாமியாரின் பதிவுப் பெயர் என்ன என்று அவளே சொல்லட்டும். பொருந்தினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

சிர்கா தொலைபேசியை மேஜை நடுவில் வைத்தாள். குல்சுன் எடுத்தாள். தலைவர் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, மரியாதையாகவே, விஷயத்தைச் சொல்லிக் கேட்டார். குல்சுனுக்கு இத்தனை படித்தவர்கள் ஒரே சமயத்தில் தன் அடுப்பங்கரைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்திருக்கவேண்டும், ஸலாம் சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. ஐயா இன்னொரு முறை கேட்டார்.

"நான் சொல்லலைன்னா அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?" என்றாள் குல்சுன்.

"பட்டம் கிடைக்காது. பொய் ஆதாரம் காட்டினாங்கன்னு பதிவாகும்."

விறகு வெடிக்கும் சத்தம் தொலைபேசி வழியாகக் கேட்டது.

"அவங்க போய் இன்னும் வருஷம் திரும்பலைங்க" என்றாள் குல்சுன். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ எனக்குப் பத்தொன்பது வயசு. ஒரே அடுப்பு. சண்டை போட்டிருக்கோம், பேசாம இருந்திருக்கோம். கோவத்துல கூட அது என் வாயில வந்ததில்ல. அவங்க கிடந்த அன்னிக்கு ஒப்பாரி வெச்சேன், அதுலயும் மஞ்சள் தாயேன்னுதான் அழுதேன்."

ஐயா குறுக்கிடவில்லை. காத்திருந்தார்.

"சரி" என்றாள் குல்சுன். "அந்தப் பொண்ணு என் வீட்டு உப்பைத் தின்னவ. அவ பொழப்பு கெட வேண்டாம்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று சிர்காவின் மனசு கெஞ்சியது. நான் அவளை நல்லவளாகக் காட்ட வரவில்லை. அந்த நிமிஷம் அவளுக்கு வேண்டியது அந்த ஒரு பெயர்தான், அதற்கு என்ன விலையானாலும் யார் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது. வீட்டில் ஆடு வெந்துகொண்டிருக்கிறது. ஜனவரியில் வேலை போகும். இரண்டே இரண்டு சொல், பொன்னும் இரும்பும், அதிலென்ன இருக்கிறது.

குல்சுன் மூச்சை இழுத்தாள். மெல்ல, தனக்குத்தானே சொல்வதுபோல, "பிஸ்மில்லா" என்றாள்.

காலையில் முற்றத்தில் கேட்ட அதே சொல், அதே தணிவு. கத்தி வைப்பதற்கு முந்தின மூச்சு. சிர்காவின் கை தானாக நீண்டு அழைப்பைத் துண்டித்துவிட்டது.

அறை அதிர்ந்து போயிற்று. நெறியாளர் அப்போதுதான் முதல்முறையாகப் பேனாவை விட்டுத் தலையை நிமிர்த்தினார். கச்கின்பாய் ஐயா லைன் போய்விட்டதா என்று கேட்டார்.

"இல்லைங்கய்யா. நான்தான் கட் பண்ணினேன்."

"ஏன்?"

"என் பட்டத்துக்காக அவங்க வாயை உடைக்க எனக்கு மனசு வரல."

"அப்ப உங்ககிட்ட ஆதாரம் இல்ல."

"இல்லைங்கய்யா."

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்தாள். மாமியாரிடம் என்ன சொல்வது, பிசைந்த மாவை என்ன செய்வார்கள் என்றுதான் யோசனை ஓடியது. ஐயா குறிப்பேட்டை இழுத்து, செயலாளர் எழுதிக்கொள்ளட்டும் என்றார்.

வெனேரா அக்கா பென்சிலை எடுக்கவில்லை. எழுந்து நின்றார். இந்தச் சபையில் அவர் வாசிப்பதற்கு எழுவார், பேசுவதற்கு எழுந்து யாரும் பார்த்ததில்லை.

"ஐயா, நீங்க பரீட்சை வெச்சீங்க. பரீட்சை முடிஞ்சுது" என்றார். "ஜோடிச்ச சாட்சின்னா, காலையிலயே பேரை எழுதிக் கொடுத்து மனப்பாடம் பண்ண வெச்சிருப்பாங்க. நீங்க கேட்ட உடனே கிளி மாதிரி ஒப்பிச்சிருப்பா. பொய்க்கு வாய் இவ்வளவு கனக்காது."

ஐயா ஏதோ சொல்ல வந்தார். அக்கா நிறுத்தவில்லை.

"எத்தனை பேரோட படிவத்தை நான் திருத்தியிருக்கேன். என் சொந்தப் படிவத்துல கணவரோட தகப்பனார் பேர்னு ஒரு கட்டம் வரும். இந்த வயசு வரைக்கும் அதை என் வீட்டுக்காரர்தான் நிரப்பறார். வாயாலயும் சொன்னதில்ல, கையாலயும் எழுதினதில்ல. நீங்க என்னைக் கேட்டிருந்தாலும் இந்த அறையில இதே அமைதிதான் இருந்திருக்கும்."

மேஜையின் அந்தக் கோடியில் இருந்த இரண்டு பெண் பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். சற்று முன் சிரித்தவர்களில் அவர்களும் உண்டு. கச்கின்பாய் ஐயா நெற்றியைத் தேய்த்தார். அவர் பெயரை அவர் வீட்டு மருமகள் என்னவென்று சொல்கிறாளோ, அது அவருக்குத்தான் வெளிச்சம்.

அப்படியே வைத்துக்கொண்டாலும் பட்டியலில் இதை எப்படி எழுதுவது, சபையின் பெயரில் தப்பான பெயர் அச்சாகலாமா என்று ஐயா கேட்டார். குரலில் பழைய காரம் இல்லை.

"அதுக்கு விதி இருக்கு" என்றார் வெனேரா அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் மறுபடி பழைய வெனேரா அக்கா ஆனார். ஆதாரம் தன்னை என்னவென்று சொன்னதோ அது முதலில். நாமாக வெளியிலிருந்து அறிந்தது சதுர அடைப்புக்குறிக்குள். போலோதோவா சாரிகான் என்று ப-விலேயே இருக்கட்டும், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பதிவுப் பெயர், த-வில் ஒரு சுட்டு, இங்கே பார்க்க என்று. "அவ சிர்காகிட்ட சொன்னது தப்பான பேர் இல்லீங்க. அந்த வீட்டு அடுப்பங்கரைல அவங்களுக்கு இருந்த பேரே அதுதான்."

வாக்கெடுப்பு நடந்தது. பட்டியலைத் திருத்தி, கோக்-தாலுக்கு நேரில் போய் அக்கம்பக்கத்தார் இருவரிடம் கையெழுத்து வாங்கி இணைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு ஆய்வேடு நிறைவேறியது. எதிர் வாக்கு ஒன்று இருந்தது. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும்போது கச்கின்பாய் ஐயா சிர்காவைப் பார்க்காமலே, "போகும்போது அந்த அம்மாவுக்கு நல்ல டீத்தூள் ஒரு பொட்டலம் வாங்கிட்டுப் போங்க" என்றார்.

கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது தொலைபேசி அடித்தது. குல்சுன். காற்று இரைந்தது. வீட்டுக்குள் லைன் போய்விட்டதென்று பக்கத்து மேட்டில் ஏறிச் சிக்னல் தேடியிருக்கிறாள்.

"பாதியில போயிருச்சு தங்கச்சி. நான் வாயைத் திறந்துட்டேன், சொல்லத்தான் போனேன். மறுபடி அவங்ககிட்ட குடு."

"தெரியும்க்கா. அதனாலதான் நான் கட் பண்ணினேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். சிர்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது, படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன் வேலை என்னாச்சு?"

"முடிஞ்சுதுக்கா. குடுத்துட்டாங்க."

"சொல்லாமலேயேவா?"

"சொல்லாமலேயே."

குல்சுன் நீளமாக மூச்சு விட்டாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே, எண்ணெய் வைத்துப் போர்சோக் சுட்டு மாமியாருக்கு வாசம் காட்டப் போகிறேன், அவர் பேசினதை வைத்துத்தான் நீ பட்டம் வாங்கியிருக்கிறாய், அவரும் சாப்பிடட்டும் என்றாள். வெள்ளியன்று சுடும் எண்ணெயின் வாசம் இறந்தவர்களைப் போய்ச் சேரும் என்பது எங்கள் நம்பிக்கை. சிர்காவுக்கு, படித்த புத்தி, கேட்காமல் இருக்கமுடியவில்லை. வாசத்தை யாருக்கு என்று பெயர் சொல்லித்தானே துவா செய்வார்கள், அப்போது நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள் குல்சுன். "என் கை எண்ணெய் வாசம் அவங்களுக்குத் தெரியாதா."